மகனுக்கு அடிக்கடி சில்லுமூக்கு உடைகிறது: தலையை அண்ணாந்து வைப்பது சரியா?

தக்கலைக்காரி (கேள்வி)

எட்டு வயதான என் மகனுக்கு இந்த மாதத்தில் மட்டும் நான்கு முறை சில்லுமூக்கு உடைந்துவிட்டது. அவற்றுள் இரண்டு முறை விடியற்காலையில் நிகழ்ந்ததால், தலையணை உறை நனைந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. பெரும்பாலும் வலப்பக்க மூக்கிலிருந்துதான் இரத்தம் வருகிறது. தும்மலுக்கும் மூக்கடைப்புக்கும் மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்பிரேயை இரண்டு மாதமாக அவனே அடித்துக்கொள்கிறான்.

இரத்தத்தைக் கண்டதும் என் மாமியார் அவனை அண்ணாந்து படுக்க வைத்து உச்சந்தலையில் குளிர்ந்த நீரை ஊற்றுவார். கடந்த ஞாயிற்றுக்கிழமை அப்படிச் செய்து அரைமணி நேரம் கழித்து அவன் காப்பித்தூள் நிறத்தில் வாந்தி எடுத்தான். வயிற்றுக்குள் ஏதோ புண் என்று நான் நடுங்கிப்போனேன். சக்கைப்பழம் தின்ற சூடுதான் காரணம் என்று அத்தை உறுதியாகச் சொல்கிறார். கணவர் வளைகுடாவில் இருப்பதால் இரவில் எதுவானாலும் நான்தான் முடிவெடுக்க வேண்டும். வீட்டிலேயே என்ன செய்யலாம், எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர், நாகர்கோவில்

தங்கையே, அந்த வாந்தியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணாந்து படுத்தால் இரத்தம் நின்றுவிடுவதில்லை. வெளியே வர வேண்டியது தொண்டை வழியாக வயிற்றுக்குள் இறங்குகிறது. வயிற்றில் சேர்ந்த இரத்தம் குமட்டலை உண்டாக்கும், அமிலம் பட்டுக் கறுக்கும். உங்கள் மகன் வாந்தி எடுத்தது அவன் விழுங்கிய மூக்கு இரத்தமாகவே இருக்க வேண்டும். மூக்கிலிருந்து இரத்தம் வராத நாளில் இப்படி வாந்தி வந்தால் அது வேறு, அன்றைக்கே காட்ட வேண்டும்.

அடுத்த முறை அவனை நேராக உட்கார வைத்து, உடலைச் சற்று முன்னால் குனியச் சொல்லுங்கள். கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் மூக்கின் கீழ்ப்பாதியை, அதாவது எலும்பு முடிந்து மிருதுவாகத் தொடங்கும் இடத்தை, இரு பக்கமும் சேர்த்து இறுக்கிப் பிடியுங்கள். பலர் மேலே எலும்பைப் பிடித்துக்கொண்டு பிடித்தும் நிற்கவில்லை என்பார்கள். எலும்பை அழுத்துவதால் இரத்தக்குழாய் அமுங்காது. கடிகாரத்தைப் பார்த்து முழுதாகப் பத்து நிமிடம் பிடிக்க வேண்டும், நடுவில் நின்றுவிட்டதா என்று விரலை எடுத்துப் பார்க்கவே கூடாது. அப்படிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அப்போதுதான் உறையத் தொடங்கிய இரத்தம் பெயர்ந்துவிடும், கணக்கை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். என் பணிக்காலத்தில் நிற்கவே இல்லை என்று பதறி வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்தவர்கள்தான். அந்த நேரத்தில் அவன் வாயால் மூச்சுவிடட்டும். வாய்க்குள் வரும் இரத்தத்தை விழுங்காமல் துப்பட்டும். பத்து நிமிடத்தில் நிற்காவிட்டால் இன்னொரு பத்து நிமிடம் பிடியுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் மூக்கைப் பிடித்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தலையில் நீர் ஊற்றுவதால் கெடுதல் இல்லை, ஆனால் அதில் போகும் நேரம் மூக்கைப் பிடிக்க வேண்டிய நேரம்.

பிள்ளைகளுக்கு இரத்தம் வரும் இடம் அநேகமாக ஒன்றுதான். இரு துவாரங்களுக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவரின் முன்பகுதியில் பல திசைகளிலிருந்து வரும் நுண்குழாய்கள் ஒன்றுகூடுகின்றன. 1879இல் அதை விவரித்த அமெரிக்க மருத்துவரின் பெயரால் அதற்கு லிட்டில் பகுதி என்று பெயர். அங்கே சவ்வு மிக மெல்லியது. சளி காய்ந்து பொருக்குக் கட்டி, பிள்ளை அதை விரலால் நோண்டினால் உடைந்துவிடும். உங்கள் மகன் வலக்கைப் பழக்கம் உள்ளவனாக இருந்தால் வலப்பக்கம் மட்டும் வருவதில் வியப்பில்லை. ஸ்பிரேயையும் பாருங்கள்: வலக்கையால் வல மூக்கில் அடிக்கும்போது மருந்து நேராக அந்த நடுச்சுவரிலேயே படும். வல மூக்குக்கு இடக்கையாலும் இட மூக்குக்கு வலக்கையாலும், காதுப் பக்கமாகச் சாய்த்து அடிக்கப் பழக்குங்கள். தொடர்ந்து இரத்தம் வந்தால் அந்த மருந்து தேவையா என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள்.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இரவில் துவாரத்தின் உள்விளிம்பில் மட்டும் வாசலைனை மெல்லியதாகப் பூசலாம். நம் ஊரில் தேங்காய் எண்ணெயை மூக்கில் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரக்கூடும் என்பதால் வேண்டாம். சக்கைப்பழத்துக்கு இதில் பங்கில்லை, பிள்ளை தின்னட்டும்.

ஆரல்வாய்மொழி வாசகர்

அக்கா எழுதியதை முழுவதும் ஏற்கிறேன். சூடு பற்றி மட்டும் ஒரு சொல். ஆனி, ஆடியில் எங்கள் கணவாய் வழியாக வீசும் காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு எங்கள் மூக்கையும் உலர்த்திவிடுகிறது. மலைக்கு மேற்கே மழை பெய்துகொண்டிருக்கும்போது எங்கள் பக்கம் வறண்ட காற்றே வரும். பெரியவர்கள் சூடு என்று சொல்வது இந்த வறட்சியைத்தான் என்பது என் எண்ணம்.

எழுபத்து நான்கு வயதான எங்கள் பாட்டாவின் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். இதய அடைப்புக்காக அவர் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் எடுத்து வந்தார். ஒரு நாள் மூக்கின் முன்னால் சில சொட்டுகளே தெரிந்தன, ஆனால் தொண்டைக்குள் இரத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. மூக்கைப் பிடித்தும் பயனில்லை. மூக்கின் பின்பகுதியில் உள்ள பெரிய குழாய் உடைந்திருப்பதாகச் சொல்லி, உள்ளே அடைப்பு வைத்து இரண்டு நாள் படுக்க வைத்தார்கள். பயத்தில் நாங்கள் மாத்திரைகளை நிறுத்தப் போனோம். அப்படித் தாமாக நிறுத்தினால் இதயத்துக்கே ஆபத்து என்று மருத்துவர் கண்டித்தார். வயதானவர்கள் உள்ள வீட்டில் இதை நினைவில் வையுங்கள்.

தக்கலைக்காரி

இருவருக்கும் மிக்க நன்றி. அவன் வலக்கைக்காரன்தான். நேற்று மாலை மீண்டும் வந்தது. அத்தையையே கடிகாரம் பார்க்கச் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் பிடித்தேன், நின்றுவிட்டது. ஆனாலும் ஒரே மாதத்தில் ஐந்து முறை என்பது உறுத்துகிறது. இரத்தப் பரிசோதனை தேவையா?

ஓய்வுபெற்ற செவிலியர், நாகர்கோவில்

ஐந்து முறை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவதே நல்லது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. மூக்கினுள் பார்த்து, தேவையென்றால் வெள்ளி நைட்ரேட் தொட்டுக் குழாயை அடைப்பார்கள். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் பார்க்கச் சொல்லக்கூடும்.

அதற்கு முன் அவன் உடம்பை நீங்களே பாருங்கள். அடிபடாமலே நீலத் தழும்புகள், தோலில் சிவப்புப் புள்ளிகள், பல் ஈறில் இரத்தம், குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் உறையாத நோய் ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். மழைக்காலத்தில் காய்ச்சலோடு மூக்கில் இரத்தம் வந்தால் டெங்குவாக இருக்கலாம். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன் போன்ற மாத்திரைகளைக் கொடுக்காமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள். ஒரே மூக்கில் இரத்தத்துடன் நாற்றமுள்ள சளி வந்தால் பிள்ளை உள்ளே எதையாவது போட்டிருப்பான். பொத்தான் போன்ற சிறு பேட்டரி என்றால் சில மணி நேரத்திலேயே சவ்வை அரித்துவிடும். பேச்சிப்பாறைப் பக்கம் மலையோடையில் குளித்துவிட்டு வந்தவர்களுக்கு மூக்கில் அட்டை ஏறியிருக்கவும் வாய்ப்புண்டு, அதையும் வீட்டில் பிடுங்க முயலக் கூடாது.

நேற்று வந்திருப்பதால் இன்று முழுவதும் மூக்கைச் சிந்த விடாதீர்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மட்டும், பாலையும் காப்பியையும் ஆற்றிக் கொடுங்கள். பள்ளி ஆசிரியரிடமும் அண்ணாந்து படுக்க வைக்க வேண்டாம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.