மெங்கர் ஹோட்டல், சான் அன்டோனியோ: தங்கினவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

டெக்சஸ்ல இருக்கிற அலமோ கோட்டையைப் பார்க்கப் போன நம்மவங்க பலர் அதை ஒட்டி நிற்கிற ஹோட்டலைக் கவனிச்சிருக்க மாட்டாங்க. 1836 மார்ச் 6 விடியற்காலையில மெக்சிகோ படைகிட்ட அலமோ விழுந்தது, உள்ள நின்னு சண்டை போட்டவங்க கிட்டத்தட்ட எல்லாரும் செத்தாங்க. 23 வருஷம் கழிச்சு, 1859-ல, வில்லியம் மெங்கர்ங்கிற ஜெர்மன்காரர் தன்னோட பீர் ஆலை இருந்த இடத்துலயே இந்த ஹோட்டலைத் திறந்தார். அத்தனை பேர் செத்த மண்ணுக்குப் பக்கத்துல கட்டினா கதை கிளம்பாம இருக்குமா?

போன டிசம்பர்ல அம்மாவோட ரெண்டு ராத்திரி அங்க தங்கினேன். பழைய பகுதி, மூணாவது மாடி. பேய்க்கதை எனக்குத் தெரியும், அம்மாகிட்ட மூச்சு விடல. முதல் ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. ஒன்றரை மணி இருக்கும், நடைபாதையில யாரோ மெதுவா நடந்து வந்து எங்க கதவுகிட்ட நின்ன மாதிரி இருந்துச்சு. எழுந்து பார்க்கத் தைரியம் வரல. அம்மா அசையாம படுத்திருந்தாங்க.

காலையில பல் தேய்ச்சுட்டு வந்து அம்மா கேட்டாங்க: "ராத்திரி துண்டு கொண்டாந்துச்சே ஒரு பொண்ணு, தலையில துணி கட்டிக்கிட்டு. அதுக்குக் காசு ஏதும் கொடுத்தியா?"

எனக்குக் கை கால் சில்லிட்டுப் போச்சு. அந்த மாடியில வர்றதா சொல்றது சாலி வைட். அங்க வேலை பார்த்த கறுப்பினப் பணிப்பெண். நீளப் பாவாடை, தலையில கட்டு, கையில அடுக்கின துண்டுங்கன்னுதான் பார்த்தவங்க எல்லாரும் சொல்றாங்க. 1876 மார்ச் 28-ல புருஷனே சுட்டான். ரெண்டு நாள் உயிரோட போராடி 30-ஆம் தேதி இறந்துட்டாங்க. இது கட்டுக்கதை இல்ல, ஹோட்டலோட பழைய கணக்கேட்டுல இருக்கு. சவப்பெட்டி 25 டாலர், குழி 7 டாலர், ஆக 32 டாலர். ஹோட்டல்தான் கொடுத்திருக்கு.

அந்த வரியைப் படிச்சப்ப எனக்கு ராத்திரி வந்த பயம் போய் வேற என்னமோ ஆயிடுச்சு. டெக்சஸ்ல அடிமைத்தனம் ஒழிஞ்சு 11 வருஷம்கூட முழுசா ஆகல அப்போ. அவங்க சிரிச்சாங்களா, பிள்ளைங்க இருந்துச்சா, ஒண்ணும் அந்தப் பக்கத்துல இல்ல. பெட்டிச் செலவு மட்டும் இருக்கு.

*

தம்பி, நாங்க ஹூஸ்டன்ல 14 வருஷமா இருக்கோம், அங்க மூணு தடவை தங்கியாச்சு. உண்மையைச் சொல்றேன், நான் எதையும் பார்த்ததில்ல. கிங் ராஞ்ச்ங்கிற பெரிய மாட்டுப் பண்ணையை ஆரம்பிச்ச கேப்டன் ரிச்சர்ட் கிங் 1885-ல அந்த ஹோட்டல்லதான் இறந்தார். அவர் அறைக்குள்ள சுவர் வழியா நுழைவாராம், அந்தக் காலத்துல அறைவாசல் அந்த இடத்துலதான் இருந்துச்சாம். கதை நல்லாத்தான் இருக்கு, என் மனசுல ஒட்டல. 1887-ல கட்டின பாரும் அப்படித்தான். பின்னாடி அமெரிக்க ஜனாதிபதியான தியடோர் ரூஸ்வெல்ட் 1898-ல ஸ்பெயினோட நடந்த சண்டைக்கு அங்க உட்கார்ந்து ஆள் சேர்த்தார்ங்கிறது வரலாறு. இன்னமும் வேலையாளுங்களைப் படைக்குக் கூப்பிடுறார்ங்கிறது கதை. பெரிய மனுஷங்க பேரு எப்படியும் நிக்கும். சாலிக்கு அந்த 32 டாலர் கணக்கை விட்டா இந்தக் கதைதான் இருக்கு. அதனால அந்த ஒண்ணை மட்டும் நான் யார்கிட்டயும் பொய்னு சொல்ல மாட்டேன்.

*

அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் பழைய கட்டடங்களுக்கு ஏசி, குழாய் வேலை பார்க்கிறவன். ராத்திரி குளிர்ல மரத்தளம் சுருங்கும்போது ஒவ்வொரு பலகையா சத்தம் விடும், கேட்டா ஆள் நடக்கிற மாதிரியே இருக்கும். வெந்நீர்க் குழாய் சூடேறும்போதும் தட்டும். அரைத்தூக்கத்துல ஆள் நிக்கிற மாதிரி தெரியறதும் சகஜம்தான். ஊர்ல அமுக்குவான் பேய்னு சொல்வோமே, அதுவும் இந்த வகைதான். உங்க காதுல விழுந்த நடைக்கு இது போதும். ஆனா கதையே தெரியாத அம்மா தலைக்கட்டைச் சொன்னாங்களே, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. பகல்ல எங்கயாவது சாலியை வரைஞ்ச படம் எதையாவது பார்த்திருப்பாங்களா? கேட்டுச் சொல்லுங்க.

*

கேட்டேன் தம்பி. படம் எதையும் பார்த்த ஞாபகம் இல்லைன்னாங்க. அவங்களுக்குக் கண்ணு மங்கல், கண்ணாடி இல்லாம எதையும் படிக்கவும் மாட்டாங்க. கிளம்புற அன்னைக்குத்தான் சாலியைப் பத்தி முழுசா சொன்னேன். அம்மா பயப்படவே இல்ல. "கட்டினவனே சுட்டானா"ன்னு ஒரு தடவை கேட்டாங்க, அவ்வளவுதான். பெட்டியெல்லாம் எடுத்துட்டு லிஃப்ட் வரைக்கும் வந்துட்டோம். "ஒரு நிமிஷம் இருடா"ன்னு திரும்பி அறைக்குப் போய், குளியலறையில மிச்சம் இருந்த துண்டுங்களை ஒழுங்கா மடிச்சு அடுக்கி, மேல அஞ்சு டாலர் வெச்சுட்டு வந்தாங்க.