தோட்டத்தோடு வீடு எடுத்தவர்களுக்கு: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புல் வெட்டும் மெஷின்

"அண்ணா, உம்ஷ்லாங்கா பக்கம் வாடகைக்கு வீடு எடுத்திருக்கிறோம். முன்னும் பின்னும் புல்தரை. தோட்டத்தைக் குடியிருப்பவர்தான் பராமரிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள். ஊரில் அரிவாளைத் தவிர எதையும் பிடித்ததில்லை. எந்த மெஷின் வாங்குவது, எப்படி ஓட்டுவது?"

தம்பி, நல்ல நேரத்தில் கேட்டீர்கள். இங்கே மழை கோடையில்தான் பெய்யும். அக்டோபரில் ஆரம்பித்து மார்ச் வரை புல் நிற்காமல் வளரும். நாம் பொங்கல் வைக்கும் நேரம் இங்கே நடுக்கோடை. அப்போது இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டால் கணுக்கால் மறைந்துவிடும். ஜூன், ஜூலையில் வேகம் குறையும். அதனால் இப்போதே ஒரு மோவர் (புல் வெட்டும் மெஷின்) வாங்கிப் பழகிக்கொள்வது நல்லது.

சின்னத் தோட்டம் என்றால் கரண்டில் ஓடும் மோவரே போதும். விலை குறைவு, பராமரிப்பும் குறைவு. பெரிய இடம், நீளமான புல் என்றால் பெட்ரோல். பேட்டரி மோவர் வசதியானது, விலை கொஞ்சம் கூடுதல். வாடகை வீட்டுக்கு நான் பெட்ரோல் மெஷினைச் சொல்ல மாட்டேன். வீடு மாறும்போது அது ஒரு சுமை, பெட்ரோல் கேனை எங்கே வைப்பது என்ற தொல்லை வேறு.

கரண்ட் மோவர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது வீட்டின் டிபி போர்டு, அதாவது மெயின் சுவிட்சுகள் இருக்கும் பெட்டி. அதில் எர்த் லீகேஜ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், பக்கத்தில் சின்ன டெஸ்ட் பட்டன். அதை அழுத்தினால் டப்பென்று கரண்ட் போக வேண்டும். போகவில்லை என்றால் ஓனரிடம் சொல்லி எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள், அதுவரை மோவரைத் தொடாதீர்கள். ஓடும்போது பிளேடு கேபிளை வெட்டிவிட்டால் காப்பாற்றப்போவது அந்தச் சுவிட்ச்தான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது கரண்டைத் துண்டித்துவிடும். சிஓசி என்கிற மின் இணைப்புச் சான்றிதழையும் ஓனரிடம் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தப்பில்லை.

பிளக் நமக்குப் பழகியதுதான். ஊரில் ஏசிக்கும் கீசருக்கும் வைத்திருப்போமே, மூன்று உருண்டை முனையுள்ள பெரிய பிளக், ஏறக்குறைய அதேதான் இங்கே வீடு முழுக்க. கரண்டும் 230 வோல்ட். எக்ஸ்டென்ஷன் கார்டு வாங்கும்போது மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வெளிப்புற உபயோகத்துக்கான தடித்த கேபிள், பளிச்சென்று தெரியும் ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறத்தில் வாங்குங்கள். உருளையில் சுற்றி வருவது என்றால் முழுவதையும் அவிழ்த்துவிட்டுத்தான் மோவரை ஓட்ட வேண்டும். சுற்றியபடியே விட்டால் உள்ளுக்குள் சூடேறி உருகும். டேப் ஒட்டிய கேபிள் உள்ள பழைய மெஷினை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மெஷின் வந்தாயிற்று, பெட்டியைப் பிரித்தாயிற்று. பிளக்கைச் செருகாமலேயே எல்லாவற்றையும் பொருத்துங்கள். கைப்பிடி போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, பிளேடின் நடு போல்ட் ஆடுகிறதா, பின்பக்க மூடி ஸ்பிரிங்கோடு தானாக மூடிக்கொள்கிறதா என்று பாருங்கள். புல் பையோ அந்த மூடியோ இல்லாமல் ஓட்டவே கூடாது. உயரத்தையும் இப்போதே வைத்துவிடுங்கள். முதல் தடவை உயரமான நிலையில் வையுங்கள். ஒரே வெட்டில் புல்லின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் தரை வெளுத்துப்போகும், மெஷினும் திணறும். வெயிலில் வளரும் கிகுயூ புல்லைக் கொஞ்சம் குட்டையாக வெட்டலாம். மரநிழலில் இருப்பது பெரும்பாலும் எல்எம் என்று இங்கே சொல்கிற புல், அதை உயரமாகவே விடுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 46 சென்டிமீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றுகிறது என்று வையுங்கள். நுனியின் வேகத்தைக் கணக்குப் போட்டால் மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர் வரும். அந்த வேகத்தில் ஒரு கூழாங்கல் பட்டால் எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜன்னல், பக்கத்து வீட்டுக் கார், குழந்தையின் கண் எதுவாகவும் இருக்கலாம். அதனால் மெஷினைக் கிளப்புவதற்கு முன் தோட்டத்தை ஒருமுறை முழுக்க நடந்து பாருங்கள். கல், கம்பி, எலும்புத்துண்டு, விளையாட்டுச் சாமான், தண்ணீர் தெளிக்கும் குழாயின் தலை. டர்பனில் இன்னொன்றும் உண்டு, குரங்குகள். மாங்கொட்டை, லிச்சிக் கொட்டை, அவகாடோ கொட்டை என்று தின்றதை எல்லாம் புல்லில் போட்டுவிட்டுப் போகும். காய்ந்த மாங்கொட்டை பிளேடில் பட்டால் கல்லுக்குக் குறைந்ததில்லை. (காலையில் புல்லைக் கொத்திக்கொண்டு காட்டுக்கத்தல் கத்தும் ஹடேடா பறவையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது புழு தேடுகிறது. தரைக்கு நல்லதுதான்.)

நீளமாக வளர்ந்துவிட்ட புல் என்றால் பாம்பையும் மனதில் வையுங்கள். டர்பன் புறநகர்களில் நைட் ஆடர், மொசாம்பிக் துப்பும் நாகம், கறுப்பு மாம்பா எல்லாமே உண்டு. நீண்ட கம்பால் தட்டிக்கொண்டு மெதுவாக நடந்து பாருங்கள். கண்ணில் பட்டால் பின்வாங்கி, பாம்பு பிடிப்பவரை அழையுங்கள். அடிக்கப் போகாதீர்கள், கடி வாங்கும் ஆபத்து அப்போது அதிகம்.

செருப்போடு புல் வெட்டாதீர்கள். கோடையில் புழுங்கும், தெரியும். இருந்தாலும் மூடிய தடித்த ஷூ, முழுக்கால் சட்டை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. காதுக்கும் ஏதாவது போடுங்கள், பெட்ரோல் மெஷினின் சத்தம் சுமார் 90 டெசிபல் வரை போகும். குழந்தைகளும் நாயும் வீட்டுக்குள், கதவு சாத்தியிருக்க வேண்டும். தோட்டத்தின் மறுமூலையில் விளையாடட்டும் என்பது சரிப்படாது.

ஓட்டும் முறை ரொம்ப எளிது. புல் காய்ந்திருக்க வேண்டும். பனி ஈரம் போக ஒன்பது பத்து மணி ஆகும். கரண்ட் மோவர் என்றால் பிளக் இருக்கும் சுவரிலிருந்து தொடங்கி, அதைவிட்டு விலகி விலகிப் போங்கள். கேபிள் எப்போதும் முதுகுக்குப் பின்னால், ஏற்கெனவே வெட்டிய பக்கத்தில் கிடக்க வேண்டும். தோளில் ஒரு சுற்றுப் போட்டுக்கொள்வது நல்ல பழக்கம். எப்போதும் முன்னே தள்ளுங்கள். பின்னுக்கு இழுக்கும்போதுதான் கால்விரல் பிளேடுக்குப் பக்கத்தில் வருகிறது, கால் தடுக்கினால் மெஷின் மேலேயே ஏறிவிடும். ரிசர்வாயர் ஹில்ஸ், சாட்ஸ்வொர்த் மாதிரி மேடு பள்ளமான இடங்களில் சரிவுக்குக் குறுக்காக ஓட்டுங்கள், மேலும் கீழுமாக வேண்டாம். நிற்கவே வழுக்குகிற சரிவை மோவருக்கு விடாதீர்கள், நைலான் நரம்பால் புல்லை வெட்டும் வீட்-ஈட்டர் போதும்.

அப்புறம், கை போகும் கதை. விரலை இழப்பது புல் வெட்டிக்கொண்டிருக்கும்போது மட்டும் நடப்பதில்லை. ஈரப்புல் அடைத்துக்கொள்ளும், மெஷின் நிற்கும், குனிந்து கையால் எடுக்கப் போவோம். ஊரில் மிக்ஸி ஜாருக்குள் விரலை விடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கு என்று அம்மா கத்துவாளே, அதே சட்டம்தான் இங்கும். கைப்பிடியில் அழுத்திப் பிடித்திருக்கும் லீவரை விட்டதும் பிளேடு உடனே நிற்காது, சில நொடிகள் சுற்றும். அது முழுதாக நிற்கும்வரை காத்திருந்து, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, அப்புறம் ஒரு குச்சியால் புல்லைத் தள்ளுங்கள். பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியையே வெளியே எடுங்கள். பெட்ரோல் மெஷின் என்றால் ஸ்பார்க் பிளக்கின் மேல் செருகியிருக்கும் ஒயரைக் கழற்றி ஓரமாக வையுங்கள். ஒயர் மாட்டியிருக்கும்போது பிளேடைக் கையால் சுற்றினாலே இன்ஜின் ஒரு உதறு உதறும், அந்த ஒரு உதறு போதும். கைப்பிடி லீவரைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், கை வலிக்கிறதாம். கையை எடுத்தால் நிற்க வேண்டும் என்பதற்காகவே வைத்த லீவர் அது.

"முறைவைத்துக் கரண்டை நிறுத்தும் லோட் ஷெடிங் நேரத்தில் பாதியில் கரண்ட் போனால் என்ன செய்வது?"

2024 மார்ச்சுக்குப் பிறகு லோட் ஷெடிங் பெரும்பாலும் குறைந்துவிட்டது. ஆனாலும் கரண்ட் போவது போய்க்கொண்டுதான் இருக்கிறது. போன உடனே சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். லீவர் இல்லாமல் வெறும் ஆன்-ஆஃப் சுவிட்ச் உள்ள மெஷின் என்றால் கரண்ட் திரும்பி வரும்போது தானாகவே சுற்ற ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் நீங்கள் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"நாங்கள் ஜோபர்க்கில் (ஜோகன்னஸ்பர்க்) இருக்கிறோம், பெட்ரோல் மோவர் ஏற்கெனவே வாங்கிவிட்டோம். அதற்கும் சொல்லுங்கள்."

சரிங்க. புது நான்கு ஸ்ட்ரோக் மெஷினில் பெரும்பாலும் ஆயில் ஊற்றியிருக்க மாட்டார்கள். ஊற்றாமல் ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்தால் இன்ஜின் அன்றைக்கே போய்விடும். எஸ்ஏஇ 30 அல்லது 10டபிள்யூ-30, சுமார் அரை லிட்டர் பிடிக்கும். அளவுக்குச்சியில் பார்த்துப் பார்த்து ஊற்றுங்கள். முதல் ஆயிலைச் சில மணி நேரம் ஓடியதுமே மாற்றச் சொல்வார்கள், கையேட்டைப் பாருங்கள். இரண்டு ஸ்ட்ரோக் என்றால் ஆயிலைப் பெட்ரோலில் கலக்க வேண்டும், விகிதமும் கையேட்டிலேயே இருக்கும்.

பெட்ரோல் பங்கில் இங்கே நீங்களே ஊற்றிக்கொள்ள முடியாது, ஊழியர்தான் போடுவார். உங்கள் பக்கம் 93 ஆக்டேன் பெட்ரோல், கடற்கரையில் 95, மோவருக்கு இரண்டும் ஒத்துக்கொள்ளும். கேனை டிக்கியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து நிரப்பச் சொல்லுங்கள். கேன் வண்டிக்குள்ளேயே இருந்தால் நிலைமின் பொறி ஒன்று போதும், பற்றிக்கொள்ள. வீட்டில் ஓடி நின்ற சூட்டோடு டேங்கில் ஊற்றாதீர்கள், இன்ஜின் நன்றாக ஆறட்டும். கராஜுக்குள் ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் கூடாது, அந்தப் புகையில் இருப்பது வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு. பிளேடைப் பார்க்க மெஷினைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆயில் ஃபில்டருக்குள் இறங்கி, அடுத்த தடவை தெருவே புகைமூட்டமாகும்.

ஜோபர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்று மெலிது, சின்ன இன்ஜினுக்குச் சக்தி கொஞ்சம் குறையும். அதனால் அகலமாக விழுங்கப் பார்க்காமல் பாதிப் பாதியாக ஓட்டுங்கள். கோடை மதியத்தில் இடி மின்னல் திடீரென்று வரும். முதல் இடி கேட்டதும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு உள்ளே போங்கள். குளிர்காலத்தில் உறைபனி விழுந்து புல் வைக்கோலாகிவிடும், மே மாதத்தோடு மெஷினை மூட்டை கட்டலாம். டேங்கில் பழைய பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள், செப்டம்பரில் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும்.

"என் பையனுக்குப் பத்து வயது. நான் தள்ளுகிறேன் என்று அடம் பிடிக்கிறான்."

வேண்டாம் அக்கா. பின்னால் நடந்து தள்ளும் மோவருக்குக் குறைந்தது 12 வயது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே சொல்லியிருக்கிறது, நான் அதற்கும் கூட்டித்தான் சொல்வேன். காய்ந்த புல்லை வாரிக் கொட்டுவது, முதலில் நடந்து கல் பொறுக்குவது என்று வேலை கொடுங்கள். எல்லோரும் ஒன்றைப் போனில் போட்டு வையுங்கள்: ஆம்புலன்ஸ் 10177, செல்போனிலிருந்து 112. வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் இறுக்கி அழுத்திக்கொண்டே கூப்பிடுங்கள்.

"இதெல்லாம் நமக்கு ஆகாது. வாரம் ஒருநாள் தோட்டக்காரர் வைத்துக்கொண்டால் போதாதா?"

தாராளமாக. பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் உங்கள் மெஷினை அவர் ஓட்டினால் மேலே சொன்ன எல்லாமே அவருக்கும் பொருந்தும். கண்ணாடியும் ஷூவும் நீங்கள் வாங்கித் தர வேண்டும், எர்த் லீகேஜ் பட்டனை நீங்கள் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கேபிளைக் கொடுக்க வேண்டும். சட்டப்படி தோட்டக்காரரும் வீட்டுத் தொழிலாளர்தான். 2020 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்ன மஹ்லாங்கு தீர்ப்புக்குப் பிறகு, வேலையில் காயம்பட்டால் வீட்டுத் தொழிலாளருக்கும் இழப்பீடு உண்டு. அதற்கான நிதியில் நீங்கள் முதலாளியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் உங்களிடம் வேலை செய்தால் யூஐஎஃப் என்கிற வேலையிழப்புக் காப்பீட்டு நிதியில் பதிவும் வேண்டும், அவர் சம்பளத்தில் 1 சதவீதம், உங்கள் பங்கு 1 சதவீதம், யூஃபைலிங் இணையதளத்திலேயே முடித்துவிடலாம். குறைந்தபட்சக் கூலி மணிக்கணக்கில், ஆண்டுக்கு ஒருமுறை மார்ச்சில் மாறும். இரண்டு மணி நேரத்தில் புல்லை வெட்டி முடித்துவிட்டாலும் அன்றைக்கு நான்கு மணி நேரக் கூலி கொடுத்தாக வேண்டும், பேசும்போதே அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.