லண்டனை விட்டு தாய்லாந்தின் சியாங் மாயில் குடியேறலாமா? அங்கே வாழ்பவர்கள் சொல்லுங்கள்

ஈஸ்ட்ஹாம் கண்ணன் கேட்டது:

எனக்கு வயது 57, மனைவிக்கு 54. லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருபத்தாறு வருடம் ஆகிறது. இருவருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். தபால் பை சுமந்து என் முழங்கால் தேய்ந்துவிட்டது, குளிரும் ஒத்துக்கொள்வதில்லை. போன ஜனவரியில் மூன்று வாரம் சியாங் மாயில் தங்கினோம். விடியற்காலையில் மட்டும் ஸ்வெட்டர் கேட்கிற இதமான குளிர், சந்தை நிறையப் பழம், ஹார்ன் சத்தம் இல்லாத தெரு. வந்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான்.

யூடியூபில் எல்லாரும் கடற்கரையில் இளநீர் குடிக்கிறார்கள். நான் கேட்பது அதை இல்லை. அங்கே ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும்? பென்ஷன், விசா எல்லாம் எப்படி? நம் நிறத்தில் இருக்கிற பிரிட்டிஷ்காரரை எப்படி நடத்துகிறார்கள்? அனுபவப்பட்டவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

சிலோம்வாசி:

நான் பாங்காக்கில் இருக்கிறேன், விசா விஷயத்தை மட்டும் சொல்கிறேன். 50 வயது தாண்டியவர்கள் ஓய்வுக்கால அடிப்படையில் வருடா வருடம் தங்கும் அனுமதியை நீட்டிக்கலாம், கட்டணம் 1,900 பாட். அதற்குத் தாய்லாந்து வங்கியில் உங்கள் பெயரில் 8 லட்சம் பாட் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் இரண்டு மாதம், கிடைத்த பின் மூன்று மாதம் அதைத் தொடக்கூடாது. மற்ற மாதங்களில் 4 லட்சத்துக்குக் கீழே போகக்கூடாது. இல்லையென்றால் மாதம் 65,000 பாட் வருமானம் காட்டலாம். பிரிட்டிஷ் தூதரகம் வருமானக் கடிதம் தருவதை 2019 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டதால், அந்த வழியில் போகிறவர்கள் ஒவ்வொரு மாதமும் வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததை வங்கிக் கணக்கிலேயே காட்ட வேண்டும். 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும். மறந்தால் 2,000 பாட் அபராதம். நாட்டை விட்டு வெளியே போகும்முன் மறுநுழைவு அனுமதி வாங்க மறந்துவிடாதீர்கள். வாங்காமல் போனால் நீட்டிப்பு அதோடு போய்விடும்.

வரிக் கணக்கும் மாறிவிட்டது. ஆண்டில் 180 நாள் இங்கே இருந்தால், 2024 முதல் சம்பாதித்து உள்ளே கொண்டுவரும் வெளிநாட்டு வருமானத்துக்கு வரி உண்டு. வீட்டு வாடகையை நம்பி வருவதாக இருந்தால் முதலில் ஒரு கணக்காளரைப் பாருங்கள்.

பிங் ஆற்றங்கரை:

கண்ணன் தம்பி, எனக்கு வயது 67. லெஸ்டரில் முப்பத்தொரு வருடம் நர்ஸ் வேலை பார்த்தேன். கணவர் போன பிறகு, 2016-இல் தனியாக இங்கே வந்தேன். சியாங் மாயில் நோங் ஹோய் பக்கம், ஆற்றிலிருந்து நடக்கிற தூரத்தில் வாடகை வீடு.

செவ்வாய்க்கிழமை கேட்டீர்கள். இன்று செவ்வாய்தான். விடியும்போது பிக்குகள் வெறுங்காலோடு எங்கள் சந்தில் வந்தார்கள். எதிர்வீட்டு அம்மா முட்டிபோட்டு அவர்கள் பாத்திரத்தில் ஒட்டரிசிச் சோறு வைத்தார். ஏழு மணிக்குச் சிவப்பு ஷேர் வண்டி பிடித்து வரோரொட் சந்தைக்குப் போனேன். ஊர்க்காரர்கள் அதைக் காட் லுவாங் என்பார்கள். முருங்கைக்காய் கிடைக்கும், அவர்கள் பேச்சில் ‘மரும்’. தேங்காயைக் கண்முன்னே துருவிப் பாலாகப் பிழிந்து தருவார்கள். கறிவேப்பிலை மட்டும் என் வீட்டுத் தொட்டியிலிருந்துதான். காய்காரப் பெண் என்னை ‘பா’ என்று கூப்பிடுவாள். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அக்கா முறை. லெஸ்டரில் பக்கத்து வீட்டுக் குழந்தைகூட என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். அதில் தப்பில்லை, அது அந்த ஊர் வழக்கம். ஆனால் இங்கே முதல் தடவை ஒருத்தி என்னை முறை சொல்லிக் கூப்பிட்டபோது, பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றேன்.

நிறத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வெள்ளைக்காரர் என்றால் ‘ஃபரங்’. நம்மை ‘க்கேக்’ என்பார்கள். விருந்தாளி என்பதுதான் அதன் பொருள், ஆனால் இந்தியர், அரபு நாட்டவர், மலாய் முஸ்லிம்கள் எல்லாருக்கும் அந்த ஒரே சொல். சிலர் வாயில் அது மரியாதையாக வராது. வந்த புதிதில் ஒரு வங்கியில் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “நிஜமாகவே பிரிட்டிஷா?” என்று கேட்டார்கள். எனக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரருக்கு அன்றே கணக்குத் திறந்தது. நான் மூன்று நடை நடந்தேன். அந்த வலி இன்னும் போகவில்லை. அது தெரிந்தே வாருங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது: தாய்லாந்து எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பேசினால் போதும் என்பார்கள், போதாது. நமக்கு அது பலர் நினைப்பதைவிட எளிது. ‘கெ’, ‘கே’, ‘கை’ எழுதும்போது கொம்பை முன்னால் போட்டுவிட்டு ஒலியைப் பின்னால் சொல்கிறோம் அல்லவா? அவர்களும் அப்படியேதான். என் வகுப்பில் ஐரோப்பியர்கள் இந்த இடத்தில் வாரக்கணக்கில் தடுமாறினார்கள், எனக்குக் கை தானாகப் போனது. அந்த எழுத்து கம்போடியாவின் கெமர் எழுத்து வழியாகப் பல்லவ எழுத்திலிருந்து வந்தது என்று ஆசிரியை சொன்ன அன்று, எனக்கு அழுகை வந்துவிட்டது. கஷ்டம் வேறு இடத்தில். மெய்யெழுத்து 44, சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. தொனி ஐந்து. ‘மா’ என்று சமமாகச் சொன்னால் ‘வா’, கீழிருந்து ஏற்றினால் நாய், உயரத்தில் நிறுத்தினால் குதிரை. எனக்கு ஒன்பது மாதம் ஆனது.

அதனால் என்ன பயன் என்றால், 2024 அக்டோபர் தொடக்கத்தில் பிங் ஆறு கரை உடைத்து வந்தது. நவரத் பாலத்து அளவுகோலில் தண்ணீர் 5 மீட்டரைத் தாண்டியது. எங்கள் தெருவுக்கு ‘லைன்’ என்ற செய்திச் செயலியில் ஒரு குழு உண்டு. இரவு பதினொன்றுக்குத் தலைவர் எழுதினார்: தண்ணீர் இன்னும் ஏறும், கார்களைக் கோயில் மேட்டுக்குக் கொண்டுபோங்கள், கீழ்த்தளத்தில் மின்சாரத்தை நிறுத்துங்கள். படித்ததும் அடுத்த சந்துக்கு ஓடினேன். அங்கே யார்க்ஷயர்காரர் ஒருவர் தனியாக இருக்கிறார், 74 வயது, நல்ல மனுஷன். அவரும் அதே குழுவில்தான் இருந்தார். எழுத்து புரியாததால் பார்ப்பதை விட்டிருந்தார். எதிர்வீட்டுப் பையன்கள் வந்து அவர் கட்டிலையும் மருந்துப் பெட்டியையும் மாடிக்கு ஏற்றினார்கள். விடியும்போது அவர் கூடத்தில் தண்ணீர் இடுப்பளவு.

பென்ஷனுக்கும் அவரையே சொல்கிறேன். 2016-இல் 65 வயதில் முழு அரசு பென்ஷனோடு வந்தார், வாரம் 155.65 பவுண்ட். அதே முழுப் பென்ஷன் பிரிட்டனில் இருப்பவருக்கு 2025 ஏப்ரலில் 230.25 ஆனது. அவருக்கு இன்றும் 155.65 தான். தாய்லாந்தில் குடியிருப்பவருக்கு ஆண்டு உயர்வு கிடையாது. பிலிப்பைன்ஸில் இருந்தால் உண்டு. அதே வரி, அதே இன்சூரன்ஸ் கட்டிய மனிதர். இதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. என் தொகையும் 2024-இல் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. உங்களுக்கு 67 வயதில் தொடங்கும்போது அன்றைய தொகை வரும், அப்புறம் அதே தொகைதான். எண்பது வயதில் அது எதற்குப் போதும் என்று இப்போதே கணக்குப் போடுங்கள்.

லீட்ஸ் திரும்பியவள்:

நான் நான்கு வருடம் அங்கே இருந்துவிட்டு லீட்ஸுக்கே திரும்பிவிட்டேன். நீங்கள் பார்த்தது ஜனவரி. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பாருங்கள். சோளக்காட்டுத் தாளை எரிப்பது, காட்டுத் தீ, மியான்மர் பக்கத்துப் புகை எல்லாம் அந்தப் பள்ளத்தாக்கில் வந்து அடைந்துகொள்ளும். டோய் சுத்தேப் மலை வாரக்கணக்கில் கண்ணுக்கே தெரியாது. என் கணவருக்கு ஆஸ்துமா. மூன்றாவது மார்ச்சில் அவர் இருமிய இருமலை என்னால் மறக்க முடியாது. அறுபதைத் தாண்டியதும் மருத்துவக் காப்பீடும் எங்கள் கைக்கு எட்டாமல் போனது. பிரிட்டன் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸின் இலவச சிகிச்சை பிரிட்டனில் குடியிருப்பவர்களுக்குத்தான். அங்கே குடியிருந்துகொண்டு சிகிச்சைக்கு மட்டும் இங்கே வரலாம் என்று எண்ணாதீர்கள். அந்த ஊரையும் மக்களையும் நினைக்காத நாள் இல்லை, ஆனாலும் எங்களுக்குத் திரும்பியதுதான் சரி.

ஈஸ்ட்ஹாம் கண்ணன்:

மூவருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதை மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். காய்காரப் பெண் இடம் வந்தபோது அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். பென்ஷன் உறைவது எங்களுக்குத் தெரியவே தெரியாது. இந்தப் புகையில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? எழுத்தை லண்டனில் இருந்தபடியே கற்க முடியுமா?

பிங் ஆற்றங்கரை:

லீட்ஸ் தங்கை சொன்னது அத்தனையும் உண்மை. படுக்கையறையை அடைத்து, காற்று வடிகட்டி இரண்டு ஓடவிட்டு, முகக்கவசத்தோடு சமாளிக்கிறேன். மார்ச்சில் மூன்று வாரம் தெற்கே திராங் போய்விடுவேன். நுரையீரல் நோய் இருப்பவர்களை நான் இங்கே வரச் சொல்லமாட்டேன். நர்ஸாகச் சொல்கிறேன்.

எழுத்தை இப்போதே தொடங்குங்கள் தம்பி, இணைய வழி ஆசிரியர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆறு மாதத்தில் கடைப் பலகை படிக்க வரும். வீட்டை வாடகைக்கு விடும் முன் இருவரும் ஒரு மார்ச் மாதம் வந்து தங்கிப் பாருங்கள். அப்போது நான் திராங் போகாமல் இருக்கிறேன். மனைவியை அந்தக் காய்காரப் பெண்ணிடம் கூட்டிப்போகிறேன். உங்கள் மனைவியை அவள் ‘பீ’ என்று கூப்பிடுவாள். அக்கா என்று அர்த்தம்.