சமபக்க முக்கோணத்தில் மூன்று மின்துகள்: ஏ மீது தொகுபயன் விசை 0-வா, 1.56-ஆ, 0.9-ஆ?

வியாசர்பாடி_பிளஸ்டூ:
அண்ணா, அக்கா, யாராவது உதவுங்கள். 10 செ.மீ பக்கமுள்ள சமபக்க முக்கோணம். ஏ, பி இரண்டு முனையிலும் +1 மைக்ரோ கூலூம், சி-யில் −1 மைக்ரோ கூலூம். ஏ மீது தொகுபயன் விசை (பி, சி இரண்டின் விசையும் சேர்ந்த மொத்தம்) என்ன? எனக்கு பி-யால் +0.9 நியூட்டன், சி-யால் −0.9 நியூட்டன், கூட்டினால் பூஜ்ஜியம். பக்கத்து வீட்டு நண்பனுக்கு 1.56. விடைப் பக்கத்திலோ 0.9. டியூஷனில் கேட்டால் "அச்சுப் பிழையா இருக்கும், விடு" என்கிறார்கள். நாளை மறுநாள் தேர்வு.

ராயபுரம்_பிஇ:
நண்பன் போட்டதுதான் சரி. கோணம் 60 டிகிரி, 0.9 × √3 = 1.56.

காசிமேடு_அக்கா:
இல்லை, 0.9 தான் சரி. தம்பி, மின்னூட்டத்தின் மைனஸ் குறியை விசைக்குள்ளும் இழுத்து வந்துவிட்டீர்கள். அது ஈர்ப்பா விலக்கா என்று சொல்வதோடு சரி. திசைக்குப் படம் போட்டு அம்புக்குறி வரைய வேண்டும். அளவு இரண்டுக்கும் ஒன்றுதான். கூலூம் விதிப்படி மாறிலி × இரண்டு மின்னூட்டங்கள் ÷ தூரத்தின் வர்க்கம்: 9×10⁹ × 10⁻⁶ × 10⁻⁶ ÷ 0.01 = 0.9. (செ.மீ-யை மீட்டராக மாற்றியிருக்கிறீர்கள், பாதிப் பேர் அங்கேயே விழுவார்கள்.)

இப்போது படம். சி, ஏ-வை இழுக்கிறது. அம்பு ஏ-யிலிருந்து சி பக்கம். பி, ஏ-வைத் தள்ளுகிறது. அம்பு பி-க்கு எதிர்ப்பக்கம், முக்கோணத்துக்கு வெளியே போகிறது. இரண்டு அம்புக்கும் நடுவில் 120 டிகிரி. எங்கள் கரையில் படகை இரண்டு கயிறு கட்டி இழுப்பார்கள். கயிறுகள் விரிய விரிய, எவ்வளவு தம் கட்டினாலும் படகு அவ்வளவாக நகராது. சரியாக 120 டிகிரிக்கு விரிந்தால் இரண்டு பேர் இழுப்பதும் ஒரு ஆள் இழுப்பதும் ஒன்றுதான். அதனால்தான் 0.9. திசை, பி-யிலிருந்து சி-க்குப் போகும் கோட்டுக்கு இணையாக.

ராயபுரம்_பிஇ:
அட ஆமாம். பி-யும் இழுக்கிற மாதிரி வரைந்துவிட்டேன். மன்னிக்கணும் தம்பி.

வியாசர்பாடி_பிளஸ்டூ:
வரைந்தேன் அக்கா, வந்துவிட்டது! அப்போ சி மீதும் 0.9 தானே? எல்லாப் பக்கமும் சமம்தானே.

காசிமேடு_அக்கா:
பக்கம் சமம், குறி சமமில்லையே. சி-யை ஏ, பி இரண்டுமே இழுக்கின்றன, அங்கே கோணம் நிஜமாகவே 60. ஆக 1.56. உங்கள் நண்பன் கேட்காத கேள்விக்குச் சரியான விடை போட்டிருக்கிறான்! பி மீதான விசையை நீங்களே போடுங்கள். மூன்று விசைகளையும் வெக்டராக, அதாவது திசையோடு சேர்த்து, கூட்டினால் பூஜ்ஜியம் வர வேண்டும், நியூட்டனின் மூன்றாம் விதி. வராவிட்டால் எங்கோ ஒரு அம்பு திரும்பிக் கிடக்கிறது.

வியாசர்பாடி_பிளஸ்டூ:
பி மீது 0.9, திசை ஏ-யிலிருந்து சி-க்கு இணையாக. மூன்றையும் கூட்டினேன், பூஜ்ஜியம். நண்பனை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டிருக்கிறேன், சாக்பீஸோடு.