8 ஜிபி ரேம் போட்டும் 2.9 தான் காட்டுகிறது, அவசரம்

குழித்துறை_அச்சகம் (இரவு 9.12)
வணக்கம். நாகர்கோவிலில் 4 ஜிபி ரேம் ஒன்று வாங்கி வந்து லேப்டாப்பில் போட்டேன், ஏற்கெனவே 4 இருந்தது, ஆக மொத்தம் 8 வர வேண்டும். ஆனால் 2.9 என்றுதான் வருகிறது. கிம்ப்பில் (படம் திருத்தும் நிரல்) கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் மவுஸ்கூட நகர மாட்டேன் என்கிறது. நாளைக் காலை 8 மணிக்குப் பெண் வீட்டார் வந்து நிற்பார்கள். என்ன செய்ய? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

குளச்சல்_கடற்காற்று (9.20)
ரேமைக் கழற்றி, தங்க நிறத்தில் வரிசையாக இருக்கும் பல்லைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, மெல்லிய துணியால் துடைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். கடற்கரையில் 12 வருடமாக ரிப்பேர் வேலை பார்க்கிறேன். உப்புக் காற்றில் களிம்பு பிடித்து ஒரு ஸ்லாட் வேலை செய்யாமல் போவதை வாரத்துக்கு ஒன்றாவது பார்ப்பேன்.

தக்கலை_64 (9.24)
ஆப்பரேட்டிங் சிஸ்டம் எது? கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) எத்தனை பிட்? 2.9 எங்கே காட்டுகிறது, பயோஸிலா (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடுவது), உள்ளே வந்த பிறகா? இது எதையுமே சொல்லவில்லையே. என் கணிப்பு 32 பிட் கெர்னல். பிஏஇ என்ற நீட்டிப்பு இல்லாத 32 பிட்டில் 4 ஜிபிக்கு மேல் முகவரி இல்லை, அதிலும் கிராபிக்ஸ், நெட்வொர்க் கார்டு எல்லாவற்றுக்கும் ஒதுக்கியது போக 3 சொச்சம்தான் கிடைக்கும். நீங்கள் சொன்ன எண் அப்படியே பொருந்துகிறது. டெர்மினலில் 'யுனேம் -எம்' அடித்து வருவதைப் போடுங்கள். (போனில் தமிழ் விசைப்பலகையில் எழுதுகிறேன், கட்டளைகளை நீங்கள் ஆங்கிலத்தில் அடியுங்கள்.)

கெர்னல்_வாசகன் (9.31)
உதவி கேட்கும் முன் என்ன விவரம் தர வேண்டும் என்று மேலே ஒட்டி வைத்திருக்கிறோம், யாரும் படிப்பதில்லை. '/ப்ராக்/மெம்இன்ஃபோ' (கெர்னல் தரும் ரேம் கணக்கு) முதல் 5 வரி, 'டிஎம்ஐடிகோட்' காட்டும் மெமரிப் பகுதி, பூட் ஆனதும் வந்த கெர்னல் செய்திகள். இந்த மூன்றும் இல்லாமல் பேசுவது எல்லாம் ஜோசியம். அடிப்படையைக் கற்றுக்கொண்டு வந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

குழித்துறை_அச்சகம் (9.50)
லினக்ஸ் மின்ட் 21. ரப்பர் போட்டுத் தேய்த்தேன், இரண்டையும் மாற்றி மாற்றியும் போட்டேன், அதே 2.9. மாடல் ஸ்டிக்கர் அழிந்துபோய்விட்டது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

ஆரல்_காற்றாடி (9.53)
மக்கா, ரேம் கதை பிறகு இருக்கட்டும், முதலில் ஆல்பம் ஓடட்டும். ஸ்வாப்பினெஸ் (ரேமில் இருப்பதை வட்டில் உள்ள ஸ்வாப் பகுதிக்குத் தள்ளுவதைக் கட்டுப்படுத்தும் எண்) 60 இருக்கும், அதை 10 ஆக்கு. '/ப்ராக்/சிஸ்/விஎம்/ஸ்வாப்பினெஸ்' என்ற கோப்பில் 10 என்று எழுதினால் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். என் மெஷின் அதற்குப் பிறகு பறக்கிறது.

குழித்துறை_அச்சகம் (10.02)
சூடோ (நிர்வாகி அதிகாரம் தரும் கட்டளை) போட்டு எக்கோ 10 என்று அந்தக் கோப்புக்கு அம்புக்குறி போட்டேன். அனுமதி இல்லை என்கிறது. சூடோ போட்டும் எப்படி அனுமதி இல்லை?

வேளிமலை (10.09)
சூடோ அதிகாரம் எக்கோவுக்கு மட்டும்தான் போகிறது. அம்புக்குறியைக் கவனித்துக் கோப்பைத் திறப்பது உங்கள் ஷெல் (கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்), அது சாதாரணப் பயனராகவே ஓடுகிறது, அதனால்தான் கெர்னல் தடுத்தது. எக்கோவின் விடையைக் குழாய் வழியாக 'சூடோ டீ'க்கு (வருவதைக் கோப்பில் எழுதும் கட்டளை) அனுப்புங்கள், அல்லது 'சூடோ சிஸ்கன்ட்ரோல் -டபிள்யூ' கொடுத்து மதிப்பை வையுங்கள் (எஸ்ஒய்எஸ்சிடிஎல் என்று அடிக்க வேண்டும்). அப்படி எழுதியதும் மெஷினை அணைத்தால் போய்விடும். '/ப்ராக்'கில் தெரிவது வட்டில் இருக்கும் கோப்பு கிடையாது. நீங்கள் படிக்கும் நொடியில் கெர்னல் தன் நினைவிலிருந்து எழுதித் தருகிறது, அளவு பார்த்தால் 0 என்றுதான் இருக்கும். நிலையாக நிற்க வேண்டுமானால் '/இடிசி/சிஸ்கன்ட்ரோல்.டி' அடைவில் ஒரு கோப்பு எழுதி வைக்க வேண்டும்.

ஆனால் குழித்துறை, இதனால் உங்கள் 2.9 அதிகமாகாது. 2.9 ஜிபியில் பெரிய ஆல்பத்தைத் திறந்தால் ஸ்வாப்பினெஸ் எதுவாக இருந்தாலும் திணறத்தான் செய்யும்.

ஆரல்_காற்றாடி (10.13)
60 என்றால் ரேம் 40 சதவீதம் நிரம்பியதுமே ஸ்வாப்புக்குத் தள்ள ஆரம்பிக்கும். 10 வைத்தால் 90 வரை தாங்கும். இதைப் புரியாமல் பயனில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கெர்னல்_வாசகன் (10.17)
தவறு. அது சதவீதமே இல்லை. இந்தக் கட்டுக்கதையை இந்த மன்றத்திலேயே எத்தனை முறை திருத்தியிருக்கிறேன் என்று கணக்கில்லை. நினைவு போதாமல் கெர்னல் பக்கங்களை விடுவிக்கத் தேடும்போது, நிரல்களின் சொந்தப் பக்கங்களை ஸ்வாப்புக்கு அனுப்புவதா, வட்டில் இருக்கும் கோப்புகளின் நகலாக நிற்கும் பக்கங்களை விடுவிப்பதா என்று எடை போடும் எண் அது. 2020 ஆகஸ்டில் வந்த 5.8 கெர்னலில் அதன் மேல் எல்லையை 200 ஆக்கினார்கள். சதவீதமாக இருந்தால் 200 எப்படி வரும்? இசட்ரேம் (ரேமுக்குள்ளேயே சுருக்கி வைப்பது) மாதிரி வேகமான ஸ்வாப் இருந்தால் 100க்கு மேல் வைப்பதில் பொருள் உண்டு.

ஆரல்_காற்றாடி (10.22)
எனக்கு 10 வைத்ததும் வேகம் கூடியது, அது நான் கண்ணால் பார்த்தது. ஆவணத்தில் என்ன இருந்தால் என்ன.

தக்கலை_64 (10.24)
இரண்டு பேரும் தனியாக இழை போட்டுப் பேசுங்களேன், காலையில் அவர் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கப்போகிறார்கள். குழித்துறை, யுனேம் என்ன காட்டியது?

ஆரல்_காற்றாடி (10.26)
ஒரு சந்தேகம் மட்டும். சிலது '/ப்ராக்'கில் இருக்கிறது, திரையின் வெளிச்சம், பேட்டரி எல்லாம் '/சிஸ்'ஸில் இருக்கிறது. ஒரே கெர்னல், ஏன் இரண்டு இடம்?

வேளிமலை (10.35)
'/ப்ராக்' முதலில் ஓடும் நிரல்களைக் காட்டத்தான் வந்தது, பேரே ப்ராஸஸ் என்பதன் சுருக்கம்தான். பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் அதற்குள் போட்டார்கள், ஒரே கோப்பில் 50 வரி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். 2003 டிசம்பரில் 2.6 கெர்னல் வந்தபோது வன்பொருளுக்கென்று '/சிஸ்' தனியாக வந்தது. அங்கே ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு என்பது விதி. எந்த பஸ்ஸில் (சாதனங்களை இணைக்கும் பாதை) எந்தச் சாதனம் தொங்குகிறது என்பதுகூட அடைவு அமைப்பிலேயே தெரியும். பழைய நிரல்கள் உடைந்துவிடக்கூடாது என்பதால் '/ப்ராக்'கில் இருந்ததை அப்படியே விட்டுவைத்தார்கள். எனக்கு இந்த அமைப்பு ரொம்பப் பிடிக்கும். ஸ்க்ரூடிரைவர் எடுக்காமலே, ஒரு கோப்பைப் படித்து மெஷினின் வயிற்றுக்குள் பார்த்துவிடலாம்.

குழித்துறை_அச்சகம் (10.41)
யுனேம்: எக்ஸ்86_64. டிஎம்ஐடிகோட்: 4096 எம்பி, 4096 எம்பி என்று இரண்டு இருக்கிறது. மெம்இன்ஃபோவில் மெம்டோட்டல் (மொத்த ரேம்) 2.9 ஜிபி கணக்குத்தான். பயோஸில் 8192 காட்டுகிறது. இவ்வளவு போதுமா?

தக்கலை_64 (10.44)
அது 64 பிட் கெர்னல், அப்படியானால் என் கணிப்பு தப்பு. மின்ட் 21 என்று சொன்னபோதே பிடித்திருக்க வேண்டும், 20 முதல் உபுண்டுவை ஒட்டி வரும் மின்டில் 32 பிட்டே கிடையாது.

குளச்சல்_கடற்காற்று (10.46)
எனக்கு இன்னும் ஸ்லாட் மேல்தான் சந்தேகம். ஒரு ரேம் மட்டும் போட்டுப் பாருங்கள்.

வேளிமலை (10.55)
ஸ்லாட் சரியாக இருக்கிறது அண்ணாச்சி. டிஎம்ஐடிகோட் படிப்பது பயோஸ் எழுதி வைத்த அட்டவணையை. அதில் இரண்டும் வந்துவிட்டன. வன்பொருளும் பயோஸும் 8 என்கின்றன, கெர்னல் மட்டும் 2.9 என்கிறது. தடை அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

குழித்துறை, ஒன்று மட்டும் சொல்லுங்கள். புது ரேம் போடும் முன்னால் எவ்வளவு காட்டியது?

குழித்துறை_அச்சகம் (11.01)
அப்போதும் 2.9 தான். கிராபிக்ஸ் எடுத்துக்கொள்கிறது என்று விட்டுவிட்டேன்.

வேளிமலை (11.10)
இதுதான் முக்கியம், முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு நேரம் ஆகியிருக்காது. 4 இருந்தபோதும் 2.9, 8 இருக்கும்போதும் 2.9 என்றால் ரேம் போதாத பிரச்சினை இல்லை, மேலே யாரோ கூரை போட்டிருக்கிறார்கள்.

4 ஜிபி முகவரிக்குக் கீழே ஒரு பெரிய துண்டு வன்பொருளுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தில் வர வேண்டிய ரேமைப் பயோஸ் தூக்கி 4 ஜிபிக்கு மேலே வைக்கும். உங்கள் கெர்னல் 4 ஜிபி முகவரிக்கு மேலே போகவே இல்லை. அதனால் கீழே கிடைத்த 2.9 மட்டும் மிச்சம், புதிதாகப் போட்ட 4 முழுக்கவும் கூரைக்கு மேலே கிடக்கிறது. தக்கலை சொன்ன 32 பிட் கணக்குப் பொருந்தியதும் இதனால்தான். நோய் வேறு, அறிகுறி ஒன்று.

'/ப்ராக்/சிஎம்டிலைன்' கோப்பைப் படியுங்கள். கெர்னல் பூட் ஆகும்போது என்னென்ன சொல்லி எழுப்பப்பட்டது என்பது அதில் ஒரே வரியில் இருக்கும். ரேமுக்கு எல்லை வைக்கும் 'மெம்=' என்று ஏதாவது வருகிறதா?

கெர்னல்_வாசகன் (11.14)
பூட் செய்திகளில் 'இ820' (ரேம் முகவரிகளின் வரைபடம்) வரிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். பயோஸ் தந்த வரைபடத்துக்குக் கீழே 'யூசர் டிஃபைன்ட்' என்று இரண்டாவதாக ஒரு வரைபடம் வந்தால் சந்தேகமே வேண்டாம். முதலில் நான் கேட்ட மூன்றில் அது ஒன்று.

குழித்துறை_அச்சகம் (11.19)
மெம்=4ஜி என்று இருக்கிறது!! நான் போடவில்லை. எப்படி எடுப்பது?

வேளிமலை (11.24)
'/இடிசி/டிஃபால்ட்/க்ரப்' (க்ரப் என்பது கெர்னலை ஏற்றும் நிரல்) கோப்பை சூடோவோடு திறந்து, கெர்னலுக்கான வரியில் அந்தச் சொல்லை மட்டும் அழியுங்கள், பக்கத்தில் இருக்கும் மேற்கோள் குறியைத் தொட வேண்டாம். பிறகு 'சூடோ அப்டேட் க்ரப்' (நடுவில் சிறு கோடு), ரீஸ்டார்ட். மழைக்காலம், கரண்ட் போகும், பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

குழித்துறை_அச்சகம் (11.47)
7.6 வந்துவிட்டது. ஆல்பம் ஓடுகிறது. எல்லோருக்கும் நன்றி. வேலை கிடக்கிறது.

வேளிமலை (11.52)
சந்தோஷம். ஆனால் ஒரு விஷயம், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மெம்=4ஜி தானாக வராது. மேல் பகுதியில் கெட்டுப்போன ரேமைத் தவிர்க்க யாராவது போட்டிருக்கலாம். அந்த ரேம் இன்னும் உள்ளேயே இருந்தால் ஆல்பம் சேமிக்கும்போது படம் கெடலாம், அது உடனே தெரியாது. இன்று ராத்திரி வேலை முடிந்ததும் மெம்டெஸ்ட்86+ (ரேமைச் சோதிக்கும் நிரல்) போட்டுவிட்டுத் தூங்குங்கள், காலையில் ஒரு சிவப்பு வரிகூட இருக்கக்கூடாது. அதுவரை ஆல்பத்தின் ஒரு பிரதி பென் டிரைவிலும் இருக்கட்டும், மூலப் படங்கள் கேமரா கார்டிலிருந்து அழிய வேண்டாம்.

ஆரல்_காற்றாடி (காலை 6.30)
எனக்கும் 8 போட்டு 7.6 தான் வருகிறது. மீதி 0.4 எங்கே போகிறது?

கெர்னல்_வாசகன் (6.58)
பயோஸும் உள்ளமைந்த கிராபிக்ஸும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். கெர்னல் ரேமை 4096 பைட் பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் 64 பைட்டில் ஒரு குறிப்பு வைத்துக்கொள்கிறது. 8 ஜிபிக்கு அது மட்டுமே 128 எம்பி. மெம்டோட்டல் இதெல்லாம் கழிந்த பிறகு வரும் எண். அதோடு, ரேம் நிலவரம் காட்டும் 'ஃப்ரீ' கட்டளையில் காலி என்ற பத்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவைலபிள் (தேவைப்பட்டால் கிடைக்கக்கூடியது) என்பதைப் பாருங்கள், 2014இல் 3.14 கெர்னலிலிருந்து அதற்கென்றே மெம்இன்ஃபோவில் ஒரு வரி இருக்கிறது.

ஆரல்_காற்றாடி (7.05)
சரி, இது புரிந்தது. ஸ்வாப்பினெஸ் விஷயத்தில் மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

வேளிமலை (மாலை 5.20)
குழித்துறை, மெம்டெஸ்ட் ஓடியதா? எத்தனை சுற்று?