டென்னிசன் வாசலைத் தாண்டினாரா? ‘இன் மெமோரியம்’ பற்றி ஒரு விவாதம்

கூடல்வாசகர்:

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் ‘இன் மெமோரியம்’ (1850) வெறும் இரங்கற்பா அன்று; தாம் கலந்துகொள்ளாத ஒரு சடங்கைக் கவிஞர் செய்யுளில் நடத்தி முடிக்கும் முயற்சி என்பதே என் வாதம். அவருடைய நண்பர் ஆர்தர் ஹாலம் 1833 செப்டம்பரில் வியன்னாவில் திடீரென இறந்தார். கப்பலில் கொண்டுவரப்பட்ட உடல் 1834 ஜனவரியில் இங்கிலாந்தின் கிளீவ்டன் ஊர்த் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. டென்னிசன் அப்போது அங்கே இல்லை. பல ஆண்டுகள் கழித்தே அந்த ஊரைக் கண்ணால் பார்த்தார். ஆனால் கவிதையின் ஒன்பதாம் பகுதி முதல் அவர் அந்தக் கப்பலோடு பேசுகிறார், கடலை அமைதியாக இருக்கச் சொல்லி வேண்டுகிறார், கரையில் காத்து நிற்கிறார்.

மானிடவியலாளர் வான் கென்னெப் 1909-இல் சடங்குகளுக்கு மூன்று கட்டங்களை வகுத்தார்: பழைய நிலையிலிருந்து பிரிதல், இரண்டுக்கும் நடுவே நிற்கும் இடைநிலை, மீண்டும் சமூகத்தோடு சேர்தல். ஏழாம் பகுதியில், உறக்கம் வராத கவிஞர் விடியற்காலையில் குற்றம் செய்தவரைப் போல் ஹாலமின் லண்டன் வீட்டுக் கதவை நோக்கி ஒதுங்கி ஒதுங்கி வருகிறார். வெறுந்தெருவில் மழைத் தூறலுக்கிடையே பொழுது விடிகிறது. 119-ஆம் பகுதியில் அதே கதவுக்குத் திரும்பும்போது தெருவில் புல்வெளியின் மணம் வீசுகிறது, பறவைகள் பேசுகின்றன. முடிவுரையில் ஒரு திருமணம் நடக்கிறது. மூன்று கட்டங்களும் இதைவிடத் தெளிவாக அமைய முடியுமா?

பழைய ஏடு:

தொடக்கமும் நடுவும் முடிவும் உள்ள எந்தக் கவிதையையும் இந்த மூன்று கட்டங்களுக்குள் அடக்கிவிடலாம் என்பதுதான் என் முதல் ஐயம். இடைநிலை என்ற கருத்தை 1960-களில் விரித்தெழுதிய மானிடவியலாளர் விக்டர் டர்னரே, 1974-இல் ஒரு எல்லைக்கோட்டையும் போட்டார். தொழிற்சமூகத்தின் இலக்கியமும் கலையும் ஒருவர் விரும்பி ஈடுபடுபவை. குலமோ ஊரோ கட்டாயமாக நடத்திவைக்கும் சடங்கோடு அவற்றை ஒன்றாகக் கருத முடியாது என்று சொல்லி, அவற்றுக்கு ‘லிமினாய்டு’ (இடைநிலை போன்றது) என்று வேறு பெயரே வைத்தார். கோட்பாட்டைக் கையில் எடுப்பவர்கள் அதை வகுத்தவர் இட்ட வரம்பை ஏனோ வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கவிதைக்கே வருவோம். அதில் உண்மையிலேயே ஆண்டுதோறும் திரும்பி வரும் சடங்கு கிறிஸ்துமஸ்தான். முதல் கிறிஸ்துமஸில் நடுங்கும் விரல்களால் ஹாலி இலைகளைக் கணப்பைச் சுற்றிப் பின்னுகிறார்கள்; மகிழ்ச்சியாக இருப்பதுபோல் நடித்துப் பழைய விளையாட்டுகளை ஆடுகிறார்கள்; சென்ற ஆண்டு ஹாலமோடு பாடிய பாட்டையே பாடுகிறார்கள். இரண்டாவதில் வெளியே பனி, உள்ளே கண்ணைக் கட்டி விளையாடும் ஆட்டம், யாரும் அழவில்லை. மூன்றாவது, 1837-இல் குடும்பம் சொந்த ஊரான சாமர்ஸ்பியை விட்டு வெளியேறிய பிறகு, அந்நிய மண்ணில் வருகிறது. ஹாலியைப் பறிக்க வேண்டாம், நடனம் வேண்டாம் என்கிறார் கவிஞர். உயிர் மூச்சு நின்றுபோன பழைய வடிவத்தை யார்தான் கட்டிக்காப்பார்கள் என்றும் கேட்கிறார். சடங்கை நிறைவேற்றுபவர் கேட்கும் கேள்வியா இது? கதவு விஷயமும் அப்படித்தான். 119-ஆம் பகுதியிலும் அது திறப்பதில்லை. நண்பரின் கையை மனத்தில்தான் பற்றிக்கொள்கிறார்.

நெய்தல்:

இருவரும் சடங்கு முடிந்ததா, முடியவில்லையா என்றே கேட்கிறீர்கள். அந்தக் காலத்துக் கவிஞர்கள் பலருக்கு இடைநிலை என்பது கடந்து போகும் கட்டமே அன்று, குடியிருக்கும் இடம். ஹாலம் இறந்த அதே 1833-இல் டென்னிசன் எழுதத் தொடங்கி 1860-இல் வெளியிட்ட ‘டித்தோனஸ்’ கவிதையைப் பாருங்கள். சாகாவரம் பெற்றும் இளமையைக் கேட்டுப் பெறாத கிரேக்கத் தொன்ம நாயகன், உலகின் கீழ்த்திசை ஓரத்தில், தினமும் புதிதாய் விடியும் காதலியான விடியல் தேவதையின் பக்கத்தில் உலர்ந்துகொண்டே இருக்கிறான். 1855-இல் வெளிவந்த, ஆல்ப்ஸ் மலை மடத்தைப் பற்றிய கவிதையில் மேத்யூ ஆர்னால்டு, செத்துப்போன ஓர் உலகத்துக்கும் பிறக்க வலுவில்லாத இன்னோர் உலகத்துக்கும் நடுவே அலைவதாகத் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். மீண்டும் சேர்வதற்கு அவருக்கு எந்தச் சமூகமும் மிச்சமில்லை.

மாறாக, உண்மையிலேயே கடந்து மீள்வதைப் பாடியவர் என்றால் கிறிஸ்டினா ரொசெட்டியைச் சொல்வேன். ‘காப்ளின் மார்க்கெட்’டில் (1862) லாரா தன் பொன்முடிக் கற்றையை விலையாகக் கொடுத்துப் பூதங்கள் விற்கும் பழத்தைத் தின்று நோயில் விழுகிறாள், சகோதரி லிஸ்ஸி வெள்ளிக்காசோடு போய், பூதங்கள் பழத்தை முகத்தில் பிழிந்தபோதும் வாய் திறவாமல் திரும்பி வந்து அவளை மீட்கிறாள்.

கூடல்வாசகர்:

பழைய ஏடு கிறிஸ்துமஸ் பேச்சை, மூன்றாவது கிறிஸ்துமஸ் வரும் 105-ஆம் பகுதியோடு நிறுத்திக்கொண்டது வியப்பாக இருக்கிறது. அடுத்த பகுதியிலேயே புத்தாண்டு மணிகள் முழங்குகின்றன. பழையதைப் போக்கிப் புதியதை வரவேற்கச் சொல்லி அவற்றுக்கு ஆணையிடுகிறார். வீட்டுக்குள் நடந்த சடங்கை விட்டுவிட்டு, ஊருக்கே கேட்கும் சடங்கை எடுத்துக்கொள்கிறார் என்றே நான் படிக்கிறேன். டர்னரின் எல்லைக்கோட்டைப் பொறுத்தவரை, மனைவியையோ மகனையோ இழந்தவர்கள் இந்நூலைத் துக்கத்துணையாக வைத்துக்கொண்டார்கள். கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு விக்டோரியா அரசியும் இதில்தான் ஆறுதல் தேடினார். ஏட்டில் இருந்தது வீட்டுக்குள் சடங்காகவே புழங்கியது.

முடிவுரைத் திருமணமும் சாதாரணக் காட்சியன்று. மணப்பெண்ணான தங்கை செசிலியாவின் பாதங்கள் தேவாலயத் தரையில் புதைக்கப்பட்டவர்களின் மேல் நிற்கின்றன. தலையைச் சுற்றிலும் நினைவுக் கற்கள். அவள் காதில் வாழ்வின் சொற்கள் ஓதப்படுகின்றன. இறந்தோரும் வாழ்வோரும் ஒரே தரையில் சேர்வதை இதைவிட எப்படிக் காட்டுவது?

பழைய ஏடு:

அந்தத் தரை அழகானதுதான். ஆனால் அதில் நிற்கும் பெண் யார் என்பதையும் கேட்க வேண்டும். ஹாலமுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவள் இன்னொரு தங்கையான எமிலி. அவளும் 1842-இல் மணம் செய்துகொண்டாள். செசிலியாவின் திருமணமும் அதே ஆண்டில்தான். துக்கத்திலிருந்து வாழ்வுக்குத் திரும்புவதைப் பாட அதைவிடப் பொருத்தமான திருமணம் கிடையாது. கவிதையில் அது இல்லவே இல்லை. ஆறாம் பகுதியில், வரப்போகிறவனுக்காகக் கூந்தலை ஒப்பனை செய்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு நிரந்தரக் கன்னிமை என்றும், தனக்கு இரண்டாம் நண்பன் இல்லை என்றும் டென்னிசன் ஒரே மூச்சில் தீர்ப்பு எழுதினார். தன்னைப் பற்றிய தீர்ப்பை 85-ஆம் பகுதியில், புதிய நட்புக்குக் கை நீட்டியபோது, அவரே தளர்த்திக்கொண்டார். எமிலிக்கு எழுதியதை, அவள் மணமாகி எட்டு ஆண்டுகள் கழித்து அச்சேற்றும்போதும் அப்படியே விட்டுவைத்தார்.