பத்து வாரப் பையன், குடிக்கிற பாலையெல்லாம் கக்குறான். என்ன செய்யலாம்?

மகிழன் அம்மா, பட்டுக்கோட்டை:

எல்லாருக்கும் வணக்கம். தலைச்சன் பையன், பத்து வாரம் ஆகுது. பிறந்தப்ப 2.9 கிலோ. தாய்ப்பால் மட்டும்தான். இப்ப அம்மா வீட்டில் இருக்கேன்.

குடிச்சு முடிச்சதும் கடவாயில் வழியும். ஏப்பம் விட்டா கூடவே ஒரு வாய்ப் பால் வரும். அரை மணி கழிச்சுத் திரிஞ்சு கட்டி கட்டியா வரும். சில நேரம் மூக்கு வழியாவும் வருது. அப்ப அவன் திணறி முழிக்கிறதைப் பார்த்தா எனக்கு உயிரே போகுது. ராத்திரியிலதான் பாடு அதிகம். குடிச்சுக்கிட்டு இருக்கும்போதே மார்பை விட்டுட்டு முதுகை வில்லா வளைச்சு அழறான். தோளில் போட்டா அடங்குறான், கீழே விட்டா மறுபடி ஆரம்பிக்கிறான்.

வீட்டில் ஆளுக்கொண்ணு சொல்றாங்க. பாட்டி "கக்குற பிள்ளை தக்கும், விடு"ங்கிறாங்க. பக்கத்து வீட்டு அத்தை குடல் ஏறியிருக்கு, வயித்தை நீவி விடுற அம்மாகிட்ட தூக்கிட்டுப் போவோம்ங்கிறாங்க. வசம்பைச் சுட்டு உரைச்சு நாக்கில் தடவணுமாம். நாத்தனார் போன்ல, "உன் பால் தண்ணியா இருக்கும், பவுடர் பால் கொடுத்துப் பாரு"ன்னாங்க. அதைக் கேட்டதில் இருந்து எனக்குச் சோறே இறங்கல.

ஒரு டாக்டரிடம் காட்டினோம். எடை போட்டுப் பார்க்கல. வாந்திக்கான டோம்பெரிடோன் சொட்டு மருந்தும், அமிலத்தைக் குறைக்கிற மருந்தும் எழுதிக் கொடுத்தார். வாங்கி வெச்சிருக்கேன், இன்னும் கொடுக்கல. கொடுக்கலாமா? குப்புறப் போட்டா கக்கல் நிக்குமா? தூளியில் தலைப்பக்கம் உசரமா இருக்கே, அதில் தூங்க வைக்கலாமா? என் பால்தான் காரணமா? இந்தப் பாடு பட்டவங்க சொல்லுங்க.

---

யாழினி அம்மா, பாளையங்கோட்டை:

தங்கச்சி, முதல்ல கடைசிக் கேள்விக்குப் பதில். உன் பால் காரணம் இல்லை. தாய்ப்பால் இரைப்பையை விட்டுச் சீக்கிரம் இறங்கிடும், பவுடர் பால் அதைவிட நேரம் தங்கும். கக்குறான்னு தாய்ப்பாலை நிறுத்துறதில் ஒரு லாபமும் இல்லை. உன் நாத்தனார்கிட்ட இதை நீ சொல்ல வேண்டாம், உன் வீட்டுக்காரரைச் சொல்லச் சொல்லு.

என் பொண்ணுக்கு இப்ப ரெண்டு வயசு. அவளும் இப்படித்தான் இருந்தா. வீடு முழுக்கப் புளிச்ச பால் வாசனை. என் நைட்டி, என் தோள், அவ கழுத்து மடிப்பு எல்லாத்திலும். எங்களுக்குப் பார்த்த குழந்தைகள் டாக்டர் மருந்துச் சீட்டை எடுக்கும் முன்னாடி அவளை முழுக்கத் துணி கழற்றி எடை பார்த்தார். அப்புறம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிறுநீர் போறா, கக்கினது என்ன நிறம், கக்கின பிறகு சிரிக்கிறாளா அழறாளான்னு கேட்டார். எல்லாத்துக்கும் பதில் சரியா இருந்ததால், "இவ நல்லா இருக்கா, உங்களுக்குத்தான் தூக்கம் வேணும்"னு சொன்னார்.

அவர் விளக்கினது இது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கு. குழந்தைக்கு அது அப்பப்ப தானாத் தளர்ந்துடும். குடல் ஏறுறதும் இல்லை, இறங்குறதும் இல்லை. சாப்பாடு மொத்தமும் நீராகாரம், நாள் முழுக்கப் படுக்கை, குழாயும் குட்டையானது. அப்ப மேலே வரத்தான் செய்யும். நாலு மாசத்தில்தான் இது உச்சத்துக்குப் போகும். அந்த வயசில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைங்க தினம் ஒரு தடவையாவது கக்குதுங்க. உட்கார்ந்து, திட உணவு தொடங்கி, எழுந்து நிக்கிற ஒரு வயசுக்குள் அது நூத்துக்கு ஐஞ்சு பேர் அளவுக்குக் குறைஞ்சுடும். அதனால அடுத்த மாசம் கொஞ்சம் கூடினாலும் பயப்படாதே. திரிஞ்சு வர்றதும் கெட்டுப்போன பால் இல்லை, இரைப்பை அமிலம் பட்டது, அவ்வளவுதான்.

ஒண்ணு செஞ்சு பாரு. ரெண்டு டீஸ்பூன் பாலை ஒரு துண்டில் கொட்டிப் பாரு. பத்து மில்லிதான், ஆனா துண்டு பாதி நனைஞ்ச மாதிரித் தெரியும். குடிச்சதெல்லாம் வந்துடுச்சுன்னு நமக்குத் தோணுறது அதனாலதான்.

எங்களுக்கு உதவினதைச் சொல்றேன். எனக்குப் பால் பீச்சி அடிக்கும், அவ விழுங்க முடியாமல் காத்தையும் சேர்த்துக் குடிப்பா. முதல் வேகத்தை ஒரு துணியில் விட்டுட்டு, நான் நல்லாச் சாய்ஞ்சு உட்கார்ந்து அவளை என் மேல படுக்க வெச்சுக் கொடுக்க ஆரம்பிச்சேன். திணறல் கண்ணெதிரே குறைஞ்சது. உன் பையன் மார்பை உதறுறதும் அதனாலயா இருக்கலாம், கவனிச்சுப் பாரு. நடுவில் ஒரு தடவை ஏப்பம், முடிச்சதும் ஒரு தடவை. அப்புறம் இருபது முப்பது நிமிஷம் தோளில் நேரா வெச்சிருக்கணும். உட்கார வெச்சு வயித்தை மடக்கினா நேரா வெச்ச பலன் போயிடும். டயப்பரைப் பால் கொடுக்கும் முன்னாடியே மாத்திடு. குடிச்ச வயித்தோட ரெண்டு காலையும் தூக்கினா உடனே கக்கும். டயப்பர் எலாஸ்டிக்கும் அரைஞாண் கயிறும் ரெண்டு விரல் நுழையுற அளவுக்குத் தளர்வா இருக்கட்டும். எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டுறது பால் கொடுக்கும் முன்னாடி. விட்டமின் டி சொட்டும் அதே மாதிரி முன்னாடியே கொடுத்துடு.

குப்புறப் போடாதே. கக்குற குழந்தையானாலும் மல்லாக்கத்தான், சமமான படுக்கையில்தான் தூங்கணும். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலயும் உணவுக்குழாய் கீழயும் இருக்கு. மேலே வந்த பால் மூச்சுக்குழாய்க்குள் போகணும்னா ஏறித்தான் போகணும். குப்புறப் படுத்தா நிலைமை தலைகீழ். குப்புறப் படுக்கையில் தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோகும் ஆபத்தும் கூடுது. தலையணை, மெத்தைக்கு அடியில் முட்டு எதுவும் வேண்டாம். தூளியில் உடம்பு வளைஞ்சு முகவாய் நெஞ்சில் முட்டும், மூச்சு அடைபடலாம், வயிறும் மடங்கும். அழும்போது நீ பக்கத்தில் நின்னு ஆட்டிச் சமாதானப்படுத்தலாம். தூங்கினதும் எடுத்துப் பாயில் போட்டுடு.

மருந்து பத்தி: அமில மருந்து அமிலத்தைத்தான் குறைக்கும், பால் மேலே வர்றதை நிறுத்தாது. வலியில்லாமல் கக்குறதுக்கு மட்டும் அதைக் கொடுக்க வேண்டாம்னு இங்கிலாந்தில் டாக்டர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டி எழுதுற நைஸ் அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டியே சொல்லுது. டோம்பெரிடோன் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது, குழந்தைகள் நிபுணர் பார்த்து முடிவு பண்ண வேண்டிய மருந்து. உன் பையன் வளைஞ்சு அழறதால், எடையும் பார்த்து, பால் குடிக்கிறதையும் பார்த்து ஒருத்தர் முடிவு சொல்லட்டும். அதுவரை பாட்டிலைத் திறக்காதே. வீட்டில் யாராவது ரானிடிடின்ங்கிற பழைய அமில மருந்தை எடுத்து நீட்டினாலும் வேண்டாம். அமெரிக்காவில் 2020இல் அதைச் சந்தையில் இருந்தே எடுத்துட்டாங்க, நம்ம நாட்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருந்தும் 2022இல் நீக்கிட்டாங்க.

---

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், மன்னார்குடி பக்கம்:

மகளே, மேலே எழுதியிருக்கும் பெண் நன்றாகச் சொல்லியிருக்கிறாள். நான் என் பங்குக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன்.

உன் பாட்டி சொன்ன பழமொழி தப்பில்லை, ஆனால் தக்குகிறானா என்பதை எடை இயந்திரம்தான் சொல்ல வேண்டும். பத்தாவது வாரத் தடுப்பூசி இப்போது வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போடுவார்கள். அங்கேயே துணியில்லாமல் எடை போடச் சொல். தாய் சேய் அட்டையில் இருக்கும் வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைக்கச் சொல்லி, நீயே கண்ணால் பார். முதல் மூன்று மாதத்தில் ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் அவனுக்குப் பால் போதுகிறது.

இப்போது சொல்வதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டு. கக்குவது பச்சை நிறமாக வந்தால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அந்த நிமிடமே 108. ரத்தமோ காப்பித்தூள் நிறமோ கலந்து வந்தாலும், வயிறு உப்பிக் கல்லாக இருந்தாலும், உச்சிக்குழி புடைத்திருந்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், எழுப்பினால் எழாமல் துவண்டு கிடந்தாலும் அப்படியே. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே மருத்துவமனைதான்.

இன்னொன்று, ஆண் குழந்தைகளிடம், அதிலும் தலைச்சன் பையன்களிடம் அதிகம் பார்ப்பது. இரைப்பையின் கீழ் வாசல் தடித்து அடைத்துக்கொள்ளும். பால் வழியாது, எட்டத்தில் போய் விழுகிற மாதிரிப் பீறிட்டு அடிக்கும். அடித்த கையோடு மறுபடி பசித்து அழும். எடை இறங்கும். பெரும்பாலும் மூன்றாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் நடுவில் தொடங்கும். ஸ்கேனில் தெரிந்துவிடும், ஒரு சிறு அறுவை சிகிச்சையில் முழுதாகச் சரியாகும். நீ எழுதியிருப்பது அப்படித் தெரியவில்லை. ஆனாலும் டாக்டரிடம் "வழிகிறதா, பீறிடுகிறதா" என்பதைத் தெளிவாகச் சொல்.

வயிற்றை நீவுவது, சேலையில் போட்டு உருட்டி உரம் எடுப்பது எதுவும் வேண்டாம். பத்து வாரக் குழந்தையின் வயிறும் கழுத்தும் அதைத் தாங்காது. வசம்பு கூடவே கூடாது. அதில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது, அமெரிக்காவில் 1968 முதல் அதை உணவில் சேர்க்கத் தடை. வசம்பு அதிகமானால் வாந்திதான் வரும். வாந்திக்கு வாந்தி வரவைப்பதைக் கொடுப்பதா? உரைகல்லில் ஒட்டியிருக்கும் அழுக்கு வேறு. பெரியவர்கள் மனம் கேட்கவில்லை என்றாலும் கையில் வளையலாகவும் வேண்டாம், வாயில் வைத்துச் சப்புவான்.

மூக்கில் பால் வந்தால் பதற வேண்டாம். மூக்கும் வாயும் உள்ளே ஒரே வழிதான். பக்கவாட்டில் திருப்பி, மெல்லிய துணியால் துடைத்தால் போதும். யாரும் மூக்கில் ஊதக் கூடாது. ராத்திரியில் சந்தேகம் வந்தால் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம்.

---

இரட்டையர் அப்பா, கோவை:

சகோதரி, உங்கள் கணவர் இதைப் படிப்பார் என்றால் அவருக்காக எழுதுகிறேன். எங்கள் இரண்டு பேரில் ஒருத்தன் கக்குவான். பால் கொடுப்பது அம்மாவால் மட்டும்தான் முடியும், அதற்குப் பிறகு அரை மணி நேரம் தோளில் வைத்திருப்பது யாராலும் முடியும். ராத்திரி அந்த அரை மணி நேரம் என்னுடையது என்று வைத்துக்கொண்டோம். அவள் பால் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிப் படுத்துவிடுவாள். நான் கூடத்தில் விளக்குப் போடாமல் நடப்பேன், சோபாவில் சாய மாட்டேன். குழந்தையை வைத்துக்கொண்டு சோபாவில் கண் அயர்வது ரொம்ப ஆபத்து. அம்மா வீட்டில் இருக்கும்வரை உங்கள் அப்பாவோ தம்பியோ இதைச் செய்யலாம்.

சோறு இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அழுகை நிற்காமல் வந்தாலோ, குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டாலோ 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலிமானஸ்) தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பிள்ளை பெற்ற பெண்ணின் உடம்பைக் கேட்கிற அளவுக்கு மனதை யாரும் கேட்பதில்லை. என் மனைவி பேசினாள், பலன் இருந்தது.

---

மகிழன் அம்மா, பட்டுக்கோட்டை:

அம்மா, அக்கா, அண்ணா, எல்லாருக்கும் நன்றி. புதன்கிழமை ஊசி போட்டாச்சு. எடை 4.6 கிலோ. செவிலியர் கோட்டில் புள்ளி வெச்சுக் காட்டினாங்க, நல்லா ஏறியிருக்கு. அப்பாவைக் கூட்டிட்டுப் போய்த் தஞ்சாவூரில் வேற குழந்தைகள் டாக்டரைப் பார்த்தேன். நான் பால் கொடுக்கிறதைக் கூடவே இருந்து பார்த்தாங்க. வழியுதுதான், பீறிடலன்னாங்க. ரெண்டு மருந்தும் இப்ப வேண்டாமாம். மலத்தில் சளியோ ரத்தக் கோடோ இருக்கா, உடம்பில் கரப்பான் மாதிரித் தடிப்பு இருக்கான்னும் கேட்டாங்க. கன்னத்தில் கொஞ்சம் இருக்கு. சாய்ஞ்சு கொடுத்தும் அழுகை குறையலன்னா, மாட்டுப்பால் அவனுக்கு ஒத்துக்கலையான்னு தெரிஞ்சுக்க நான் ரெண்டு வாரம் மாட்டுப்பால் சம்பந்தப்பட்ட எதையும் சாப்பிடாமல் இருந்து பார்க்கணுமாம். அம்மா தினம் பூண்டுப் பால் காய்ச்சித் தர்றாங்க, பால் சுரக்கும்னு. அதை நிறுத்தினா சுரப்பு குறைஞ்சுடுமா? மாமியார் வேற, கேழ்வரகுப் பால் கொடுத்தா வயித்தில் நிக்கும்னு மாவு அரைச்சு அனுப்பியிருக்காங்க.

---

யாழினி அம்மா, பாளையங்கோட்டை:

4.6 கேட்டதும் எனக்கே வயித்தில் பால் வார்த்த மாதிரி இருக்கு தங்கச்சி!

சுரப்பு குறையாது. குழந்தை சப்பி மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். பூண்டை வதக்கிக் குழம்பில் போடச் சொல்லு, அம்மாவுக்கும் திருப்தி. நீ மாட்டுப்பாலை நிறுத்துறதா இருந்தா தயிர், மோர், நெய், டீ, பால் இனிப்பு எல்லாம் சேர்த்துத்தான். பிரசவ லேகியத்தில் நெய் இருக்கும், அதையும் மறக்காதே. பிஸ்கட் பாக்கெட்டில் பால் பவுடர் இருக்கான்னு படிச்சுப் பாரு. அந்த நாட்களில் சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, முள்ளோட சாப்பிடுற நெத்திலி இதெல்லாம் நீ சாப்பிடு. மாமியார் அனுப்பின மாவு அதுக்குத்தான் சரி, களியாவோ அடையாவோ பண்ணி நீயே சாப்பிட்டுடு. பையனுக்கு ஆறு மாசம் முடியும்வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுக் கூழும் வேண்டாம். ரெண்டு வாரத்தில் மாற்றம் ஒண்ணும் தெரியலன்னா நீயா நீட்டிக்காதே, டாக்டரிடம் கேட்டுட்டுப் பால் பொருளைத் திரும்பச் சேர்த்துக்கோ.

நாளைக்குத் தொடங்குறதுன்னா காலண்டரில் தேதி குறிச்சு வை. அழுகை எத்தனை மணிக்கு வருதுன்னும் பக்கத்திலேயே எழுதி வை, டாக்டருக்கு அது உதவும்.